கயிறு இழுத்தும் கிளம்பவில்லையா? பிரஷ் கட்டர், பவர் வீடரில் பொறி எங்கே தொலைகிறது என்று பிடிக்கும் முறை

கார்த்திகை மழை ஓய்ந்ததும் சோழவந்தான் பக்கத் தென்னந்தோப்புகளில் புல் முழங்கால் உயரம் நிற்கும். மாதக்கணக்கில் மோட்டார் ரூம் மூலையில் சாய்ந்து கிடந்த பிரஷ் கட்டரை அப்போதுதான் வெளியே எடுப்பார்கள். இருபது தடவை கயிறு இழுத்தும் ஒரு ‘டப்’ சத்தம்கூட வராது. “பிளக்குல கரண்ட் வரலை, காயில் போயிருச்சு” என்ற தீர்ப்பு உடனே வந்துவிடும். காயிலை மாற்றிய பிறகும் மெஷின் அப்படியே கிடந்தால், பழுது முதலிலிருந்தே வேறு இடத்தில் இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

காயில் என்பது பிளக்குக்குக் கரண்ட் தரும், அசையாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும், பிசின் ஊற்றி அடைத்த கட்டி. அதற்கு முன்னால் கெடக்கூடியவை நிறைய இருக்கின்றன: கரி பிடிக்கும் பிளக், பிளக் தலையில் மாட்டும் கேப்புக்குள் துருவேறும் ஸ்பிரிங், கைப்பிடியில் உராயும் ஸ்டாப் வயர் (மெஷினை நிறுத்தும் சுவிட்சுக்குப் போகும் வயர்), புழுதி ஏறும் சுவிட்ச். அதனால் காசு குறைவான இடத்தில் தொடங்கிக் காசு அதிகமான இடத்தில் முடியுங்கள். காயிலைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள்.

பொறி எப்படிப் பிறக்கிறது

இந்த மெஷின்களில் பேட்டரி கிடையாது. கயிறை இழுத்தால் ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரம் சுழல்கிறது. அதன் விளிம்பில் பதித்திருக்கும் காந்தம் காயிலின் இரும்புக் கால்களை உரசாமல் கடந்து போகும்போது, உள்சுற்றில் கரண்ட் பிறக்கிறது. காயிலுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் பகுதி சரியான நொடியில் அதைத் துண்டிக்க, வெளிச்சுற்றில் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேல் எழும்பி பிளக் முனையில் பொறியாகப் பாய்கிறது.

ஸ்டாப் சுவிட்ச் வேலை செய்யும் விதத்தை மட்டும் மனதில் நன்றாக ஏற்றிக்கொள்ளுங்கள். வீட்டு விளக்கு சுவிட்ச் ‘ஆஃப்’ செய்தால் வயரைப் பிரிக்கும். இது நேர் எதிர். ஸ்டாப் செய்தால் காயிலிலிருந்து வரும் மெல்லிய வயரை இன்ஜின் உடம்போடு, அதாவது எர்த்தோடு, சேர்க்கும். கரண்ட் அந்த வழியே இறங்கிவிடுவதால் பொறி வராது. ஆக, அந்த வயர் எங்கே தோல் உரிந்து இரும்பில் பட்டாலும், மெஷினுக்கு யாரோ ஸ்டாப் சுவிட்சைப் பிடித்துக்கொண்டே இருப்பது போலத்தான்.

முதலில்: பொறியா, பெட்ரோலா?

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நிறையத் தடவை இழுத்த பிறகும் முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. கார்பரேட்டர், ஃபில்டர், டேங்க் குழாய் பக்கம் போங்கள். ஈரமாக, பெட்ரோல் வாசனையோடு இருந்தால் பெட்ரோல் வருகிறது; பொறி இல்லை, அல்லது சோக்கில் வைத்து அதிகமாக இழுத்ததில் நனைந்துவிட்டது. இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. மாதக்கணக்கில் டேங்கில் நின்றதென்றால் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து ஊற்றிய பிறகு சோதனையைத் தொடங்குவது நல்லது.

இன்னொரு குறுக்கு வழி: பிளக் துளை வழியாக நாலைந்து சொட்டுப் பெட்ரோல் விட்டு, பிளக்கை மாட்டி இழுங்கள். இரண்டு நொடி ஓடி நின்றால் பொறி இருக்கிறது, பெட்ரோல்தான் வரவில்லை. மேற்கொண்டு பொறியைத் தேட வேண்டாம்.

கையில் வேண்டியவை: பிளக் பானா, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), மல்டிமீட்டர், உப்புத்தாள், பித்தளைக் கம்பி பிரஷ். பிளக் பானாவில் அளவு முக்கியம். டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரில் வரும் எல்7டி, பி.பி.எம்.ஆர்.7ஏ வகைப் பிளக்குகளுக்கு 19 மி.மீ.; ஹோண்டா ஜி.எக்ஸ்.160 ரக வீடர் இன்ஜினின் பி.பி.ஆர்.6இ.எஸ் பிளக்குக்கு 21 மி.மீ.; ஜி.எக்ஸ்.35 போன்ற சின்ன ஃபோர் ஸ்ட்ரோக்கின் சி.எம்.ஆர்.5எச் பிளக்குக்கு 16 மி.மீ. பொருந்தாத பானாவைச் சாய்த்துத் திருகினால் வெள்ளைப் பீங்கானில் மயிரிழை விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாது; பொறி அந்த வழியே ஒழுகும்.

பொறி பார்க்கும் சரியான விதம்

மெஷினை நிழலுக்குக் கொண்டுவாருங்கள். மதுரை வெயிலில் நல்ல பொறியும் கண்ணுக்குத் தெரியாது. இல்லாத பழுதைத் தேட வைத்துவிடும். பெட்ரோல் சிந்தியிருந்தால் துடைத்து, ஆவி போகக் கொஞ்சம் பொறுங்கள். பிளக்கைக் கழற்றிய துளையில் ஒரு துணியைச் செருகுங்கள். அந்தத் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே அடிக்கும். பக்கத்திலேயே பொறி பாய்ந்தால் பற்றிக்கொள்ளும்.

கழற்றிய பிளக்கைக் கேப்பில் மாட்டி, பிளக்கின் இரும்பு உடம்பை சிலிண்டரின் பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்தமாகப் படுமாறு வையுங்கள். பெயின்ட் மேல் வைத்துவிட்டு ‘கரண்ட் வரலை’ என்று முடிவு கட்டுவது நிறைய நடக்கிறது. கையால் பிடிக்காதீர்கள், ஒரு கிளிப் வயரால் பிளக் உடம்பையும் இன்ஜின் போல்ட்டையும் இணைத்துவிட்டால் கை தேவையில்லை. பிடித்தால் விழும் கரண்ட் அடி பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை என்றாலும், கை உதறி இரும்பில் மோதும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனைக்குப் பக்கத்திலேயே வர வேண்டாம்.

சுவிட்சை ‘ஆன்’ பக்கம் வைத்து, கயிறை வேகமாக இழுங்கள். மெதுவாக இழுத்தால் காந்தம் கடக்கும் வேகம் போதாமல் நல்ல காயிலும் பொறி தராது. நீலமாக, ‘டிக் டிக்’ என்ற சத்தத்தோடு பாய்ந்தால் நல்ல பொறி. மஞ்சளாக, நூல் போல, விட்டுவிட்டு வந்தால் பலவீனம்.

வெளியே பொறி வருவதாலேயே உள்ளேயும் வரும் என்று நம்பிவிட முடியாது. சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்பட்டிருக்கும்போது அதே இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டும். அதனால்தான் 4 மி.மீ. அளவு இடைவெளி வைத்த ஸ்பார்க் டெஸ்டர் விற்கிறார்கள். வெளியில் அந்தத் தூரத்தைத் தாண்டும் பொறி உள்ளேயும் தாண்டும். டெஸ்டர் இல்லையென்றால் ஒரு பழைய பிளக்கின் வளைந்த முனையை வெட்டி எடுத்துவிட்டு அதை மாட்டிப் பாருங்கள். நடு முனையிலிருந்து ஓர விளிம்புக்குத் தாவினால் காயிலில் தெம்பு இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. கேப்பை எதிலும் மாட்டாமல் காற்றில் தொங்கவிட்டுக் கயிறு இழுக்காதீர்கள். எழும்பிய வோல்ட்டுக்கு வெளியேற வழி இல்லாமல் காயிலின் உள் இன்சுலேஷனையே ஓட்டை போட்டுவிடும். நல்ல காயிலைச் சோதனை பண்ணியே கெடுப்பது இப்படித்தான்.

பிளக்

முனை காபிப்பொடி நிறத்தில் இருந்தால் இன்ஜின் ஆரோக்கியம். வறண்ட கரி என்றால் ஏர் ஃபில்டர் அடைப்பு அல்லது சோக் முழுதாகத் திறக்கவில்லை. கரி எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் கலவை அதிகம். 25-க்கு 1 என்று கேட்கும் மெஷினுக்கு லிட்டருக்கு 40 மி.லி.; 50-க்கு 1 என்றால் 20 மி.லி. பாட்டில் மூடியால் குத்துமதிப்பாக ஊற்றும் பழக்கத்தில்தான் பிளக் வாரம் ஒருமுறை அடைகிறது.

இரண்டு முனைக்கும் நடுவில் கடுகளவு கரித்துணுக்கு பாலம் போட்டு உட்கார்ந்திருக்கிறதா என்று உற்றுப் பாருங்கள். டூ ஸ்ட்ரோக்கில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘டப்’பென்று நின்று, பிறகு பொறியே இல்லாமல் போவதற்கு இது போதும். நகத்தால் தட்டி எடுத்தால் தீர்ந்தது.

இடைவெளி பெரும்பாலான பிரஷ் கட்டர்களுக்கு 0.6 முதல் 0.7 மி.மீ., ஜி.எக்ஸ்.160 ரகத்துக்கு 0.7 முதல் 0.8 மி.மீ. பிளக்கை அடுப்பில் காட்டிச் சிவக்கச் சுடும் வழக்கம் உண்டு. ஈரம் காயும், ஆனால் பீங்கான் வெடிக்கும். துணியால் துடைத்து வெயிலில் பத்து நிமிடம் வைத்தாலே போதும். சந்தேகமாக இருந்தால் புதுப் பிளக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். இந்தச் சங்கிலியில் மிக மலிவான பொருள் அதுதான். கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். மரை நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கும். புதுப் பிளக்கை விரலால் திருகி உட்கார வைத்த பின் பானாவால் அரைச் சுற்று; பழையதையே திரும்பப் போட்டால் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

ஸ்டாப் வயர்: பாதிக் கேஸ் இங்கேயே முடியும்

புதுப் பிளக்கிலும் பொறி இல்லையா? அடுத்த வேலை, காயிலிலிருந்து வரும் ஸ்டாப் வயரைப் பிரிப்பது. பிரஷ் கட்டரில் இன்ஜினும் குழாயும் சேரும் இடத்துக்கு அருகே, ஆக்சிலரேட்டர் கேபிளோடு சேர்ந்து இரண்டு மெல்லிய வயர்கள் வரும். ஒன்று காயிலுக்கு, இன்னொன்று எர்த்துக்கு. இரண்டுமே சொருகு இணைப்புதான்; இழுத்தால் வந்துவிடும். பிரித்த முனைகள் ஒன்றோடொன்றும் இன்ஜின் உடம்போடும் படாமல் ஒதுக்கி வைத்து, மறுபடி பொறி பாருங்கள்.

பொறி வந்துவிட்டால் காயில், ஃப்ளைவீல், கேப் எல்லாம் நலம். பழுது கைப்பிடிப் பக்கம். பொறி வரவில்லை என்றால் கைப்பிடியை மறந்துவிட்டு இன்ஜின் பக்கம் தேடுங்கள். ஒரே ஒரு இணைப்பைப் பிரித்து மெஷினை இரண்டு பாதியாகப் பிரித்துவிடலாம் என்பதால்தான் பிளக்குக்கு அடுத்து உடனே இதைச் செய்யச் சொல்கிறோம். ஸ்டாப் வயர் பிரிந்திருக்கும்போது மெஷின் கிளம்பிவிட்டால் சுவிட்சால் நிறுத்த முடியாது. சோக்கை முழுதாக மூடினால் நிற்கும். பிளேடை முன்கூட்டியே கழற்றி வையுங்கள்.

கைப்பிடிப் பக்கம் என்று தெரிந்தால், மல்டிமீட்டரை பீப் சத்தம் வரும் நிலையில் வைத்து, கைப்பிடியிலிருந்து வரும் இரண்டு வயர் முனைகளிலும் முட்களை வையுங்கள். சுவிட்ச் ‘ஆன்’ பக்கம் இருக்கும்போது சத்தம் வரக் கூடாது. ‘ஸ்டாப்’ பக்கம் தள்ளினால் வர வேண்டும். இரண்டு பக்கமும் சத்தம் வந்தால் சுவிட்சுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது வயர் எங்கோ உரிந்திருக்கிறது. முட்களை வைத்தபடியே கைப்பிடியை இடதும் வலதும் திருப்புங்கள், கேபிளை அங்கங்கே அசையுங்கள். விட்டுவிட்டுச் சத்தம் வரும் இடம்தான் பழுது.

வயர் உரியும் இடங்கள் ஏறக்குறைய மாறாதவை. கைப்பிடியைக் குழாயோடு இறுக்கும் கிளாம்ப்பின் விளிம்பைப் பாருங்கள். கறுப்பு பிளாஸ்டிக் உறை தட்டையாக நசுங்கி, அரிசி அளவுக்குச் செம்பு பளபளவென்று தெரியும். அதற்கு நேரே அலுமினியக் குழாயில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். புல் வெட்டும்போது இடமும் வலமும் வீசும் ஒவ்வொரு வீச்சிலும் அந்த இடம் உரசும். ஒரு பக்கம் வீசும்போது மட்டும் இன்ஜின் திக்கித் திக்கி ஓடுகிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். உரிந்த இடத்தில் ஹீட் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் உறை) போட்டு, கிளாம்ப்பை அரை அங்குலம் தள்ளி இறுக்குங்கள். வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றினால் சூட்டில் பசை உருகி ஒரு மாதத்தில் நழுவும்.

மோட்டார் ரூமில் வைக்கும் மெஷின் என்றால் எலி, அணில் கடித்த இடத்தையும் தேடுங்கள். கருவேலங்காட்டு ஓரத் தோட்டங்களில் முள் குத்தி உறை கிழிவதும் உண்டு.

சுவிட்ச்சுக்குள் நுழையும் தூசி ஊருக்கு ஊர் வேறு. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் தூசி ஈரத்தோடு சேர்ந்தால் மாவு போல ஒட்டி, ஈரம் இருக்கும்வரை கரண்டையும் கொஞ்சம் கடத்தும். காலையில் பனியில் கிளம்பாமல், பதினோரு மணி வெயிலுக்குப் பிறகு கிளம்பும் மெஷினுக்கு இதுவே காரணமாக இருக்கலாம். சுவிட்சைத் திறந்து கான்டாக்ட் கிளீனர் அடித்து, பிரஷால் தேய்த்து, நன்றாகக் காயவைத்து மூடுங்கள்.

வீடர் இன்ஜினில் ஆயில் சென்சார்

ஃபோர் ஸ்ட்ரோக் பவர் வீடர்களில் இன்ஜின் ஆயில் குறைந்தால் பொறியை அறுக்கும் சென்சார் பெரும்பாலும் இருக்கும். அதுவும் ஸ்டாப் வயரைப் போலவே எர்த் செய்துதான் நிறுத்துகிறது. மேலூர்ப் பக்கம் வரப்பில் ஏற்றிச் சாய்வாக நிறுத்திவிட்டுக் கயிறு இழுத்தால், ஆயில் போதுமானதாக இருந்தும் பொறி வராது. சமதளத்தில் நிறுத்தி ஆயில் பாருங்கள், ஜி.எக்ஸ்.160 ரகம் சுமார் 600 மி.லி. பிடிக்கும். ஆயில் சரியாக இருந்தும் பொறி இல்லையென்றால் சென்சார் வயரை, பெரும்பாலும் அது மஞ்சள், பிரித்துப் பாருங்கள். பொறி வந்தால் சென்சார் கெட்டுவிட்டது. புதிது போடும்வரை பிரித்தே ஓட்டலாம். ஆனால் ஒவ்வொரு நாளும் கிளப்பும் முன் ஆயில் பார்க்கும் பொறுப்பு இனி உங்களுடையது.

கேப்பும் தடித்த வயரும்

காயிலிலிருந்து பிளக்குக்கு வரும் தடித்த வயரின் நுனியில் இருக்கும் கேப்பைத் திருகி இழுத்தால் கழன்று வரும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வயரின் நடுச் செம்பைக் குத்திக்கொண்டிருக்க வேண்டும். மழைக்காலத்துக்குப் பிறகு செம்பு பச்சை பூத்து, ஸ்பிரிங் துருவேறிக் கிடக்கும். வயரின் நுனியை 5 மி.மீ. வெட்டி, புதுச் செம்பு தெரிந்ததும் கேப்பைத் திரும்பக் குத்துங்கள். வயர் நீளம் இடம் கொடுத்தால் மட்டும்.

பொறி வழியிலேயே ஒழுகுகிறதா என்று பார்க்க இருட்டிய பிறகு கயிறு இழுங்கள். வயரிலிருந்து சிலிண்டர் பக்கம் சின்ன நீலக் கோடு தாவுவது தெளிவாகத் தெரியும். பகலில் தேடி அலுத்தவர்களுக்கு இருட்டு பெரிய உதவி.

காற்றிடைவெளி: மூன்று தாள் கணக்கு

இன்ஜின் கவரைக் கழற்றினால் ஃப்ளைவீல் ஓரத்தில் காயில் இரண்டு ஸ்குரூவில் நிற்கும். காயில் கால்களுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே 0.3 முதல் 0.4 மி.மீ. இருந்தால் இந்தச் சின்ன இன்ஜின்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒத்துவரும். அதிகமானால் காந்த விசை எட்டாது, குறைந்தால் உரசும். முதலில் கால்களின் முகத்தையும் காந்தத்தின் முகத்தையும் உப்புத்தாளால் துரு போகத் தேயுங்கள். துருப் படலமே இடைவெளியைத் தின்னும்.

ஃபீலர் கேஜ் இல்லையென்றால் சாதாரண ஜெராக்ஸ் தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன். மூன்று தாளை ஒன்றாக வைத்து இரண்டு விரல் அகலப் பட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். காயில் ஸ்குரூக்களைத் தளர்த்தி, காயிலை வெளிப்பக்கம் தள்ளி, காந்தம் கால்களுக்கு நேரே வரும்படி ஃப்ளைவீலைத் திருப்புங்கள். பட்டையை நடுவே செருகினால் காந்தமே காயிலை ‘டக்’கென்று தன் பக்கம் இழுத்துத் தாளை நசுக்கிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு காலும் சமமாக அமர்ந்ததா என்று பார்த்து, அந்த நிலையிலேயே ஸ்குரூவை இறுக்குங்கள். ஃப்ளைவீலைக் கையால் திருப்பினால் தாள் தானாக வெளியே வரும். பிறகு ஒரு முழுச் சுற்று சுற்றி எங்கும் உரசவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

காயில் காலில் பளபளவென்று உரசிய தடம் இருந்தால் ஃப்ளைவீலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கிராங்க் பேரிங் தேய்ந்திருக்கிறது. எத்தனை தடவை இடைவெளி வைத்தாலும் நிற்காது.

காயில் எர்த் எடுப்பது அந்த ஸ்குரூக்கள் வழியாகத்தான். ஸ்குரூ உட்காரும் இடத்தில் துருவோ பெயின்ட்டோ இருந்தால் தேய்த்து எடுங்கள். சில மெஷின்களில் காயிலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே சூடு ஏறாமல் இருக்க பிளாஸ்டிக் புஷ் வைத்திருப்பார்கள். கழற்றும்போது விழுந்துவிடும், மறக்காமல் திரும்ப வையுங்கள்.

காந்தம் வலுவாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஸ்குரூ டிரைவரை 1 செ.மீ. தூரத்தில் தளர்வாகப் பிடியுங்கள். இழுத்து ஒட்டிக்கொண்டால் நலம். காந்தம் கெட்டுப்போவது அபூர்வம்.

பொறி இருக்கிறது, ஆனால் கயிறு கையைப் பின்னால் இழுக்கிறது அல்லது கார்பரேட்டர் வழியே ‘புஸ்’ என்று அடிக்கிறது என்றால் ஃப்ளைவீல் நட் தளர்ந்து, ஃப்ளைவீலை ஷாஃப்டில் நகராமல் பிடிக்கும் சின்னத் துண்டான கீ வெட்டுப்பட்டிருக்கலாம். நேரம் தவறிய பொறி அது. ஃப்ளைவீலைக் கழற்றி, ஷாஃப்டின் காடியும் ஃப்ளைவீலின் காடியும் நேரே நிற்கின்றனவா என்று பாருங்கள். அரை மி.மீ. நகர்ந்திருந்தாலும் கீயை மாற்றிவிடுங்கள்.

இப்போது காயில்

ஸ்டாப் வயர் பிரித்தாகிவிட்டது, புதுப் பிளக், நல்ல கேப், சுத்தமான கால், சரியான இடைவெளி. இத்தனைக்குப் பிறகும் பொறி இல்லை என்றால் அப்போது காயில்தான். மல்டிமீட்டரில் தடித்த வயரின் செம்புக்கும் காயிலின் இரும்புக் காலுக்கும் நடுவே சில ஆயிரம் ஓம் காட்ட வேண்டும், ஜி.எக்ஸ்.160-இல் சுமார் 6,000 முதல் 7,000 வரை. எதுவுமே காட்டவில்லை என்றால் உள்ளே அறுந்துவிட்டது. ஆனால் ஓம் சரியாக இருப்பதை வைத்துக் காயில் நலம் என்று சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் பகுதியை மல்டிமீட்டர் சோதிப்பதில்லை.

சூடானால் மட்டும் சாகும் காயில்தான் ஆளை அலைக்கழிப்பது. அக்னி நட்சத்திர வெயிலில் அரை மணி நேரம் நன்றாக ஓடும், ‘பொசுக்’கென்று நிற்கும். அரை மணி நேரம் நிழலில் ஆறினால் மறுபடி ஓடும். உள்ளே இருக்கும் மயிரிழை முறிவு சூட்டில் விரிந்து பிரிகிறது, ஆறியதும் சேர்ந்துகொள்கிறது. பட்டறைக்குக் கொண்டுபோகும்போது ஆறிவிடுவதால் அங்கே பழுதே தெரியாது. நின்ற நொடியிலேயே, அந்த இடத்திலேயே பிளக்கைக் கழற்றிப் பொறி பாருங்கள். அதற்கு முன் பெட்ரோல் டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுத்து, உடனே கிளம்பினால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. காயிலுக்கு அதில் சம்பந்தம் இல்லை.

புதுக் காயில் போடும் முன் சூட்டுக்குக் காரணத்தையும் எடுத்துவிடுங்கள். ஃப்ளைவீல் விசிறியின் இறகுகளுக்குள் புல் விதை, தென்னந்தூள், சில சமயம் குளவி கட்டிய மண்கூடு கூட அடைந்திருக்கும். காற்று போகாமல் சிலிண்டர் சூடு காயிலை வேகவைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் போடும் புதுக் காயிலும் அதே வழியில் போகும்.

பழைய காயிலைக் கழற்றும் முன் ஃபோனில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். சில காயில்கள் திருப்பிப் போட்டாலும் ஸ்குரூத் துளை பொருந்திவிடும். ஆனால் பொறி வராது, அல்லது தவறான நேரத்தில் வரும்.

எல்லாம் மாட்டியதும் ஸ்டாப் வயரை மறக்காமல் இணையுங்கள். பிளேடு இல்லாமல் கிளப்பி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, ஸ்டாப் சுவிட்சை அழுத்துங்கள். உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இணைப்பு சரியாக உட்காரவில்லை அல்லது எர்த் வயர் விடுபட்டிருக்கிறது. அதைச் சரிசெய்யும்வரை பிளேடை மாட்டாதீர்கள்.